மீன்வளக் குழுவில் உறுப்பினராகச் சொல்கிறார்கள், போகலாமா?

கேள்வி: ஐயா, பாரூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். இரண்டு பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வளர்க்கிறோம். எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கும் நான்தான் தலைவி. மாவட்ட அளவில் மீன்வளத்துக்கு ஒரு ஆலோசனைக் குழு அமைப்பதாகவும், மீன் வளர்ப்போர் சார்பில் என் பெயரைப் போடப்போவதாகவும் அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். ஆதார் நகலும் போட்டோவும் கேட்டிருக்கிறார்கள். அதே குழுவில் ஏரிக் குத்தகைக்காரர் ஒருவரும், மீன் குஞ்சு விற்கிறவர் ஒருவரும் இருக்கிறார்களாம். என் வீட்டுக்காரர், "டீ குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வர்ற வேலை, அதுக்கு ஒரு நாள் கூலி போகும்" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனோ, வெளிநாட்டிலெல்லாம் இந்த மாதிரி குழுக்களில் மீன் பிடிக்கிறவர்களுக்கும் வளர்க்கிறவர்களுக்கும்தான் பாதிக்கு மேல் இடம் என்கிறான். இந்தக் குழுக்களை எப்படி அமைக்கிறார்கள்? நான் போகலாமா? போனால் எதைக் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்தால் போகாமலிருப்பதே மேல் என்று உங்களுக்குத் தோன்றினாலும் தோன்றும்.

மீன்வளத் துறையில் உதவி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட குழுக்களுக்கு ஆள் தேடுவது, அழைப்பு அனுப்புவது, கூட்டம் முடிந்ததும் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதுவது எல்லாம் என் வேலையாக இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. டீயும் கையெழுத்துமாக முடிகிற கூட்டங்கள் உண்டு. கூட்டம் அப்படி முடியுமா முடியாதா என்பது பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்பே, உறுப்பினர் பட்டியல் தட்டச்சாகும்போதே தீர்மானமாகிவிடும். அதனால் உங்கள் முதல் கேள்விதான் சரியான கேள்வி.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இது எந்தக் குழு? 'குழு' என்ற ஒரே சொல்லின் கீழ் மூன்று வகை நடமாடுகிறது. ஒன்று, பணத்துக்கு ஒப்புதல் கொடுக்கிற குழு. பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் 2020-ல் வந்தபோது மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு என்று வைத்தார்கள். மாவட்டத்துக்கான மீன்வளத் திட்டம் அங்கேதான் உருவாகும். இரண்டாவது, ஒரு அமைப்பை நிர்வகிக்கிற குழு. வேளாண்மைக்கான அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தின் ஆட்சிக் குழு அப்படிப்பட்டது. பழைய ஆட்களுக்கு மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமை நினைவிருக்கும். எழுபதுகளில் தொடங்கிய அதற்கும் ஆட்சியர்தான் தலைவர். மூன்றாவது, கருத்து மட்டும் சொல்கிற ஆலோசனைக் குழு. இதற்கு அதிகாரம் கிடையாது. நீங்கள் சொன்னதை அரசு ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். உங்களை அழைத்திருப்பது இந்த மூன்றாவதுக்குத்தான் என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். எதற்கும் குழுவை அமைத்த அரசாணை அல்லது ஆட்சியரின் செயல்முறைகள் (அவர் எழுத்தில் போடும் உத்தரவு) நகல் ஒன்று வாங்கிப் படியுங்கள். இரண்டு பக்கம்தான் இருக்கும். குழுவின் வேலை என்ன, பதவிக்காலம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளே இல்லை என்றால் அது குழு அல்ல, வருகைப் பதிவேடு.

இனி நாற்காலிகளைப் பற்றி. நம் நாட்டுக் குழுக்களில் உறுப்பினர் ஆவதற்கு இரண்டு வழிதான் பெரும்பாலும். பதவி காரணமாக வந்து உட்காருகிறவர்கள் அலுவல் சார் உறுப்பினர்கள். பெயர் சொல்லி நியமிக்கப்படுகிறவர்கள் அலுவல் சாரா உறுப்பினர்கள். ஆட்சியர், மீன்வளத் துறை, நீர்வளத் துறைப் பொறியாளர், முன்னோடி வங்கி மேலாளர், வேளாண் அறிவியல் மையத்தின் விஞ்ஞானி ஆகியோரெல்லாம் முதல் வகை. ஆள் மாறுவார், நாற்காலி மாறாது. நீங்கள் இரண்டாம் வகை. உங்களை யாரும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை, அலுவலகம் தேர்ந்தெடுத்தது. அலுவலகத்துக்கு யாரைத் தெரியுமோ அவர்கள்தான் பட்டியலில் வருவார்கள். ஏற்கெனவே மானியம் வாங்கியவர், பயிற்சிக்குத் தவறாமல் வருகிறவர், போன் செய்தால் எடுக்கிறவர், அதிகாரி வந்தால் குட்டையைக் காட்டுகிறவர். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற மாதிரிதான் நடக்கும்: விட்டுப்போனால் சங்கடம் வருமே என்று சிலர், போட்டால் மரியாதையாக இருக்குமே என்று சிலர். இதில் கெட்ட எண்ணம் கிடையாது. நானே அப்படித்தான் பட்டியல் போட்டிருக்கிறேன், மாலைக்குள் அனுப்பு என்று மேலிருந்து வந்தால் வேறு என்ன செய்வது?

அட்மா ஆட்சிக் குழுவின் பட்டியலை ஒரு உதாரணமாகப் பாருங்கள், ஏனென்றால் அதன் வழிகாட்டு நெறிமுறை நாற்காலி நாற்காலியாகச் சொல்லிவைத்திருக்கிறது. தலைவர் ஆட்சியர். விவசாயி ஒருவர், கால்நடை வளர்ப்பவர் ஒருவர், தோட்டப்பயிர் விவசாயி ஒருவர், மகளிர் விவசாயக் குழுவிலிருந்து ஒருவர், பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினரிலிருந்து ஒரு விவசாயி, தொண்டு நிறுவனம் ஒன்று, முன்னோடி வங்கி, மாவட்டத் தொழில் மையம், விற்பனை வாரியம், இடுபொருள் விற்பவர்கள் சங்கம். அப்புறம் மீன்வளத்துக்கோ பட்டு வளர்ப்புக்கோ ஒரே ஒரு இடம். இரண்டில் ஒன்று!

கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு கிடையாது. தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது, ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கமெல்லாம் மல்பெரி. பட்டுக்கும் மீனுக்கும் ஒரே நாற்காலி என்றால் இங்கே யார் உட்காருவார் என்று சொல்லத் தேவையில்லை. யோசித்தால், இந்தப் பட்டியலை எழுதியவருக்கு மீன் என்பது பிற இனங்களில் ஒன்று. கடலோர மாவட்டத்தில் மீனவர்களைக் கேட்காமல் எந்தக் கூட்டமும் நடக்காது. மலையும் வறட்சியும் உள்ள நம் பக்கம், மீன் வளர்ப்போர் இருக்கிறார்கள் என்பதையே சொல்லித்தான் தெரியவைக்க வேண்டும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போயிருப்பீர்கள். மாங்காய் விலை, யானை மிதித்த ராகி, அணைத் தண்ணீர் இதெல்லாம் முடிந்து மீன் வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அதனால் மீனுக்கென்றே தனியாக ஒரு குழு என்றால், அதில் இடம் கிடைப்பது சின்ன விஷயமல்ல.

அந்தக் குழுவில் யாருடைய நாற்காலி கனமானது? தலைவருடையது என்று எல்லோரும் நினைப்பார்கள். என் அனுபவத்தில் உறுப்பினர் செயலருடையது. கூட்டத்தில் என்னென்ன பேசவேண்டும் என்று பொருள் பட்டியல் தயாரிப்பவர் அவர். பேசியதில் எது எழுத்தில் நிற்கவேண்டும் என்று முடிவு செய்பவரும் அவர். நீங்கள் எழுந்து, "விவசாயப் பாசனத்துக்கு மதகு திறக்கிறப்போ எங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க, மீனுக்கு முழங்கால் தண்ணியாவது நிக்கணும்" என்று பத்து நிமிடம் பேசியிருப்பீர்கள். மினிட்ஸில் 'உறுப்பினர்கள் தங்கள் கருத்துகளைத் தெரிவித்தனர்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு பொறியாளருக்கு யாரும் கடிதம் எழுத முடியாது. 'பாரூர் ஏரியில் மதகு திறப்பதற்கு முன் மீன்வளத் துறைக்குத் தகவல் தரவேண்டும் என உறுப்பினர் கோரினார். நீர்வளத் துறை அடுத்த கூட்டத்தில் பதில் அளிக்கும்' என்று இருந்தால் எழுத முடியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் உறுப்பினர் செயலரின் பேனாதான்.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நீங்கள் பேச நினைப்பதைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் எழுதி, உறுப்பினர் செயலருக்குக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தது பொருள் பட்டியலில் சேர்ந்துவிடும். கூட்டத்தன்று எழுந்து சொல்வது 'இதர பொருள்கள்' என்ற கடைசித் தலைப்பில் போய் அடங்கிவிடும். ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை போதும். ஏழெட்டுக் கோரிக்கை கொடுத்தால், எதைச் செய்வது சுலபமோ அதைச் செய்துவிட்டு மீதியை நிலுவையில் போடுவார்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக, சென்ற கூட்டத்தின் மினிட்ஸைப் படிக்கச் சொல்லுங்கள். யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டால் அறை கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். தம்பி சொன்னது சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் மீன்வளக் கொள்கைக்கு ஆலோசனை சொல்ல 11 ஆலோசனை மன்றங்கள் உண்டு. மீன் வளர்ப்புக்கென்றே ஒன்று இருக்கிறது. 2013-ல் இயற்றிய ஒழுங்குமுறைப்படி, பொதுக்குழுவிலும் செயற்குழுவிலும் 60 விழுக்காடு இடம் தொழிலில் இருப்பவர்களுக்கு: மீன் பிடிப்பவர்கள், வளர்ப்பவர்கள், பதப்படுத்துபவர்கள், விற்பவர்கள். மீதி 40 சுற்றுச்சூழல் அமைப்புகள், நுகர்வோர் அமைப்புகள் போன்றவற்றுக்கு. அதற்கு முன் இருந்த ஏற்பாட்டில் தொழிலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இருந்தது, பிறகுதான் குறைத்தார்கள்.

ஆனால் தம்பி கவனிக்காமல் விட்டது ஒன்றுண்டு. அங்கே அந்த இடம் ஆளுக்கு அல்ல, அமைப்புக்கு. ஒரு சங்கம் உறுப்பினராகச் சேரும், சங்கம் ஒருவரை அனுப்பும். அவர் பேசினால் பின்னால் சங்கம் நிற்கிறது. இங்கே உங்களை உங்களுக்காகவே கூப்பிடுகிறார்கள், பின்னால் யாரும் இல்லை. நம் அலுவலகங்களுக்குத் தனி ஆளிடம் பேசுவது வசதி. ஒரு தனி ஆள் எதிர்த்துப் பேசினால் அடுத்த முறை அழைப்பு போகாமல் பார்த்துக்கொள்ளலாம், சங்கத்தை அப்படிச் செய்ய முடியாது.

இன்னும் இரண்டு விஷயம் அந்த ஐரோப்பிய ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தவை. மன்றம் ஒரு பரிந்துரை அனுப்பினால், அரசுத் தரப்பு இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும். ஆலோசனைக்கு அதிகாரம் இல்லை என்பது அங்கேயும் அப்படித்தான். ஆனால் பதில் பெறும் உரிமை இருக்கிறது, பாதி அதிகாரம் அதிலேயே வந்துவிடுகிறது. மற்றது, ஒருமித்த முடிவு வராதபோது மாற்றுக் கருத்து சொன்னவரின் கருத்தையும் பரிந்துரையிலேயே பதிவு செய்தாக வேண்டும். அரசு அதிகாரிகள் அந்த மன்றங்களில் பார்வையாளர்களாகத்தான் உட்காருகிறார்கள், விஞ்ஞானிகளை நிபுணர்களாக அழைக்கிறார்கள். நம் ஊரில் தலைகீழ். அதிகாரிகள் உறுப்பினர்கள், வளர்க்கிறவர்கள் ஏறக்குறைய பார்வையாளர்கள்.

இதைச் சொன்னதும் அதிகாரிகளை வெளியே அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்சியர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பொறியாளரும் வங்கி மேலாளரும் வாய் திறந்து பதில் சொல்வார்கள். அவர் இல்லாத கூட்டத்துக்கு உதவியாளரை அனுப்புவார்கள், அவர் குறிப்பெடுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். நம் ஊர் நிர்வாகம் இயங்கும் விதத்தில் ஆட்சியர் தலைமை என்பது உங்களுக்குச் சாதகம்.

ஜப்பானில் வேறு மாதிரி. கடல் பகுதிகளுக்கான மீன்பிடி ஒழுங்குபடுத்தும் ஆணையங்களில் 15 பேரில் 9 பேரை மீனவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 2018-ல் சட்டத்தைத் திருத்தி அந்தத் தேர்தலை எடுத்துவிட்டு, மாகாண ஆளுநர் நியமிக்கும் முறைக்கு வந்துவிட்டார்கள். ஆறு, ஏரிகளுக்கு அங்கே தனி ஆணையம். அதில் மீன்பிடித் தொழில் செய்பவர்களின் பிரதிநிதி, தொழிலாக இல்லாமல் பிடிக்கிறவர்களின் பிரதிநிதி, துறை அறிந்த அறிஞர் என்று மூன்று தரப்பு. உள்நாட்டு நீரைக் கடலோடு சேர்த்துக் குழப்பாமல் தனியாக வைத்ததே பெரிய விஷயம் என்பேன். நமக்கும் அதுதான் தேவை.

நம் நாட்டிலேயே சட்டப்படி அமைந்த ஒரு பட்டியலையும் பாருங்கள். கடலோர இறால் பண்ணைகளால் நிலமும் தண்ணீரும் கெட்டதென்று தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2005-ம் ஆண்டின் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம். தலைமையகம் சென்னை. சட்டம் எழுதப்பட்டபோது ஆணையத்தில் 11 இடம்: உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைவர், கடலோர நீருயிரி வளர்ப்பில் ஒரு நிபுணர், கடலோரச் சூழலியலில் ஒரு நிபுணர், சுற்றுச்சூழல், வேளாண்மை, வணிகம் ஆகிய மூன்று அமைச்சகங்களிலிருந்து ஒவ்வொருவர், கடலோர மாநிலங்களிலிருந்து சுழற்சி முறையில் நான்கு பேர், உறுப்பினர் செயலர். எண்ணிப் பாருங்கள், இறால் வளர்க்கிறவருக்கென்று ஒரு இடம்கூட அந்தப் பட்டியலில் இல்லை. இது ஆலோசனைக் குழு அல்ல, பதிவு கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரமுள்ள ஆணையம். அதனால் ஒழுங்குபடுத்தப்படுகிறவரையே நாற்காலியில் உட்கார வைக்கக்கூடாது என்ற நியாயம் அதில் இருக்கலாம். அதற்கு மாறாக, 1972-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்களோடு, படகு உரிமையாளர்கள், பதப்படுத்தும் ஆலைக்காரர்கள், தொழிலாளர்கள் ஆகியோரின் நலனுக்கும் இடம் வைத்தார்கள். எதற்காகக் குழு என்பதைப் பொறுத்துத்தான் யாருக்கு இடம் என்பதும். இந்த இரண்டும் உங்கள் குட்டையைத் தொடாது. ஒரு பட்டியலை எப்படிப் படிப்பது என்று காட்டத்தான் சொன்னேன்: இருக்கிற பெயர்களைப் படித்து முடித்ததும், இல்லாத பெயர்களைத் தேடுங்கள்.

உங்கள் குழுவில் யார் இல்லை?

மாவட்ட அளவிலான மீன்வளக் குழு என்றால் அது குட்டை வைத்திருப்பவர்களின் குழு ஆகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். குட்டைக்காரருக்குப் பட்டா இருக்கிறது, விண்ணப்பம் போடுகிறார், அலுவலகத்துக்கு அவரைத் தெரிகிறது. ஆற்றிலும் அணையிலும் பிடிக்கிறவருக்கு நிலமில்லை, அதனால் கோப்பும் இல்லை. தருமபுரி பக்கம் ஒகேனக்கல்லில் பரிசலில் வலை போடுகிறவர்கள், மேட்டூர் அணை நீர் தேங்கும் நாகமரை, ஒட்டனூர் கரைகளில் இருப்பவர்கள், நம் பக்கம் கிருஷ்ணகிரி அணையில் பிடிக்கிறவர்கள் எல்லோரும் மீன் வளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்கள் பிரச்சினையும் உங்கள் பிரச்சினையும் ஒன்றல்ல. உங்களுக்குக் குஞ்சு, தீவனம், மின்சாரம். அவர்களுக்கு வெள்ளம், உரிமம், வலை, தண்ணீரின் தரம். கர்நாடகத்திலிருந்து தென்பெண்ணையில் வரும் கழிவால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஒவ்வொரு முறையும் செய்தியில் பார்க்கிறோம். அதைப் பற்றி மீன்வளக் குழுவில் கேட்டால் பதில் சொல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டுமே. பட்டியலில் இருக்கிறாரா பாருங்கள். இல்லாவிட்டால் சிறப்பு அழைப்பாளராகவாவது கூப்பிடச் சொல்லுங்கள். அதற்கு அரசாணையைத் திருத்த வேண்டியதில்லை, தலைவர் நினைத்தால் அடுத்த கூட்டத்துக்கே அழைக்கலாம்.

ஏரிப் பாசனதாரர்களும் அப்படியே. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வந்து பாரூர் ஏரி நிரம்பினால் நெல்லுக்கும் அதே தண்ணீர், மீனுக்கும் அதே தண்ணீர். 2000-ம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு. அதிலிருந்து ஒருவர் குழுவில் இருந்தால் சண்டை குழுவுக்குள் நடக்கும். இல்லாவிட்டால் கரைமேல் நடக்கும். இன்னொருவரும் முக்கியம்: மீன் விற்கிற பெண்கள். சந்தையில் எந்த அளவு மீன் போகும், எந்த மாதம் கறிக்கோழி விலை இறங்கினால் மீன் நின்றுபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த நிபுணருக்கும் தெரியாது. நிபுணர் என்றதும் ஒரு வார்த்தை. பாரூரிலேயே மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. அங்கிருந்து ஒருவரை உறுப்பினராகப் போடாமல் வேறெங்கோ இருந்து அழைத்தால், காரணம் கேட்கலாம்.

குத்தகைக்காரரும் குஞ்சு வியாபாரியும் இருக்கிறார்களே என்று தயங்குகிறீர்கள். இருக்கட்டும். தொழில் தெரிந்தவர் என்றால் அவருக்கு அந்தத் தொழிலில் லாபமும் இருக்கும், இரண்டையும் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் 1976-ம் ஆண்டுச் சட்டப்படி எட்டு வட்டார மீன்வள மன்றங்கள் இருக்கின்றன. காலியாகும் ஒவ்வொரு நியமன இடத்துக்கும் மாநில ஆளுநர் குறைந்தது மூன்று பெயர் அனுப்ப வேண்டும், வணிகத் துறை அமைச்சர் அதிலிருந்து ஒருவரை நியமிப்பார். மூன்று ஆண்டு பதவி, தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கிடையாது. அங்கேயும் உறுப்பினர்களில் பலர் படகும் வியாபாரமும் உள்ளவர்கள்தான். ஆனால் தனக்கு எதில் பணம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். தன் பையைப் பெரிதாகத் தொடுகிற முடிவு வந்தால் ஓட்டுப் போடாமல் ஒதுங்க வேண்டும்.

நம் குழுக்களில் எழுத்தில் அப்படி ஒரு வழக்கம் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் தொடங்கி வைக்கலாம். "எனக்கு இரண்டு குட்டை இருக்கு, மானியத்துக்கு விண்ணப்பமும் போட்டிருக்கேன்" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி, மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னபிறகு குஞ்சு விற்கிறவரும் குத்தகைக்காரரும் சும்மா இருக்க முடியாது. எந்தக் குஞ்சை எங்கே வாங்குவது, எந்த ஏரியை எவ்வளவு ஆண்டுக்குக் குத்தகை விடுவது என்ற பேச்சு வரும்போது அவர்கள் கருத்துச் சொல்லட்டும், முடிவில் ஒதுங்கட்டும். குஞ்சு வியாபாரி விஷயத்தில் கொஞ்சம் கண்ணைத் திறந்தே வையுங்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை ரகசியமாக வளர்த்து, அதிகாரிகள் போய்க் குட்டையை அழித்த செய்திகள் நம் இரு மாவட்டங்களிலும் வந்திருக்கின்றன. அந்தக் குஞ்சு எங்கிருந்தோதான் வருகிறது. உங்கள் குழு உறுப்பினரைச் சொல்லவில்லை. இந்தப் பேச்சு குழுவில் வரும்போது யார் பேச்சை மாற்றுகிறார் என்று கவனித்தால் போதும்.

உங்களுக்கும் இது பொருந்தும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரதமர் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் என்று வைத்தார்கள். புதுக் குட்டைக்கு ஹெக்டேருக்கு 7 லட்சம் ரூபாய் என்று கணக்கு, அதில் 60 விழுக்காடு என்றால் 4 லட்சத்து 20 ஆயிரம். குழுவில் பெயர் வந்த மாதத்திலேயே உங்களுக்கு மானியம் வந்தால், தகுதி இருந்தாலும் ஊர் ஒரு கணக்குப் போடும். முன்பே சொல்லி வைத்தவர் மீது அந்தப் பேச்சு ஒட்டாது.

உங்கள் பின்னால் சங்கம் இல்லை என்றேன் அல்லவா, அதுதான் நீங்கள் இப்போதே சரிசெய்ய வேண்டியது. மகளிர் குழு இருக்கிறது, நல்லது. ஆனால் அது கடன், சேமிப்புக்கான குழு. போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் குட்டை வைத்திருப்பவர்களை ஒரு நாள் உங்கள் வீட்டுத் திண்ணையில் கூட்டுங்கள். பத்துப் பதினைந்து பேர் வந்தால் போதும். இந்தக் குழுவில் எங்கள் சார்பில் இவர் பேசுவார் என்று ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். அதை முதல் கூட்டத்தில் கொடுங்கள். அன்றிலிருந்து நீங்கள் அலுவலகம் போட்ட பெயர் இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் அவர்களைக் கூட்டி என்ன நடந்தது என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாது, நேரில் உட்கார்ந்தால்தான் திட்டுவார்கள். அந்தத் திட்டில்தான் அடுத்த கூட்டத்துக்கான கோரிக்கை இருக்கும்.

மினிட்ஸ் தராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்காவது பிரிவு ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் படிப்பதில்லை. ஒவ்வொரு அரசு அலுவலகமும், தனக்கு ஆலோசனை சொல்ல அமைத்த வாரியம், மன்றம், குழு எவையெவை, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, மினிட்ஸைப் பொதுமக்கள் பார்க்கலாமா என்பதை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது அது. உறுப்பினரான நீங்கள் முதலில் வாயால் கேளுங்கள், பிறகு கடிதமாகக் கேளுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு, 30 நாளில் பதில் வர வேண்டும். முதல் கூட்டத்திலேயே மனுவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அலுவலகத்தில் இருப்பவர்களும் ஆள் பற்றாக்குறையோடு இரண்டு மூன்று வேலையைப் பார்க்கிறவர்கள்தான். உங்களை எதிரியாக நினைத்துவிட்டால் மினிட்ஸ் இன்னும் சுருங்கும்.

ஒரு நாள் கூலி போகும் என்கிறார் வீட்டுக்காரர். அலுவல் சாரா உறுப்பினர்களுக்குப் பயணப்படி உண்டா என்று அந்தச் செயல்முறைகள் நகலிலேயே பாருங்கள். இருந்தால் வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். அதிகாரிகள் வருவது சம்பளத்தில்.

ஆதார் நகலும் போட்டோவும் கேட்டதில் தவறில்லை, நியமன ஆணைக்கும் அடையாள அட்டைக்கும் கேட்பார்கள். ஆனால் சிட்டா, வங்கிப் புத்தக நகல், குட்டையின் புகைப்படம் என்று தொடர்ந்து கேட்டால் அது உறுப்பினர் நியமனம் அல்ல, மானியப் பயனாளி விண்ணப்பம். இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்டு, கொடுக்கும் ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் நோக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.